பேச வராதவங்களும் சாட்சியா இருக்கலாம்: அன்றாட அன்பு மூலமா இயேசுவைக் காட்டறது எப்படி

சாட்சி சொல்லணும்னு பிரசங்கத்துல கேட்ட உடனே நிறைய விசுவாசிகளுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் வந்துடும். கைப்பிரதி கொடுக்கணும், முன்னப்பின்ன தெரியாதவங்க கிட்ட போய் பேசணும், யாராவது குறுக்குக் கேள்வி கேட்டா வசனத்தோட பதில் சொல்லணும், இதெல்லாம் நமக்கு வராது, அது ஊழியக்காரங்க வேலைன்னு ஒதுங்கிடுவாங்க. ஒதுங்கினாலும் நிம்மதி கிடையாது, கர்த்தருக்காக நான் ஒண்ணுமே செய்யலையேங்கற குற்ற உணர்ச்சி கூடவே ஓடிக்கிட்டு இருக்கும். அவங்களுக்காகத் தான் இதை எழுதறேன்.

அப்போஸ்தலர் 9ஆம் அதிகாரத்துல யோப்பா பட்டணத்து தபீத்தாளைப் பத்தி வருது, தொற்காள்னும் சொல்லுவோம். அந்த அம்மா பேசின ஒரு வார்த்தை கூட வேதத்துல எழுதப்படலை. அவங்க இறந்து போனப்போ விதவைகள் எல்லாரும் அழுதுக்கிட்டே பேதுரு கிட்ட வந்து, இது எனக்குத் தைச்சுக் கொடுத்தது, இது எனக்குன்னு அவங்க செஞ்ச துணிகளைக் காட்டினாங்க. அவங்களைத் தான் வேதம் "சீஷி"ன்னு சொல்லுது. அதனால தையல் தெரிஞ்ச ஒருத்தர், வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர், பொறுமையா உட்கார்ந்து கேட்கத் தெரிஞ்ச ஒருத்தர், இவங்க எல்லாருமே ஊழியத்துக்கு வெளியில நிக்கறவங்க இல்லை.

முதல்ல எதுக்காகன்னு தெளிவாகிக்கோங்க

இது சரியில்லைன்னா கீழ சொல்றது எதுவும் வேலைக்கு ஆகாது. உதவி செய்யறது அவங்களை சபைக்கு இழுக்கறதுக்கான தூண்டில்னு நினைச்சு செஞ்சீங்கன்னா, எதிர்ல இருக்கவங்களுக்கு அது நிச்சயமா தெரிஞ்சிடும், மனுஷங்க இதுல ரொம்ப கூர்மையானவங்க. அதுக்கப்புறம் நீங்க மட்டும் இல்லை, அடுத்து அவங்க கிட்ட உண்மையான அன்போட வர்ற இன்னொரு கிறிஸ்தவரையும் அவங்க சந்தேகத்தோட தான் பார்ப்பாங்க.

லூக்கா 17ல இயேசு பத்து குஷ்டரோகிகளை சுகமாக்கினார். ஒருத்தர் தான் திரும்பி வந்து நன்றி சொன்னார், அவரும் சமாரியர். மத்த ஒன்பது பேர் எங்கன்னு இயேசு வருத்தத்தோட கேட்டார், ஆனா அவங்க சுகத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டதா ஒரு வரி கூட இல்லை. இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க. ஒவ்வொரு உதவிக்கு முன்னாடியும் உங்களையே ஒரு கேள்வி கேளுங்க: இந்த மனுஷர் கடைசி வரைக்கும் சபை வாசலை மிதிக்கவே மாட்டார்னு எனக்கு இப்பவே தெரிஞ்சா கூட இதை செய்வேனா? ஆமான்னு பதில் வந்தா தைரியமா செய்யுங்க. இல்லைன்னு வந்தா கொஞ்சம் ஜெபத்துல உட்காருங்க, உதவியை நிறுத்த வேண்டாம், நோக்கத்தை சரி பண்ணிக்கோங்க.

ஆதி சபை ஆளுங்க இதைத் தான் செஞ்சாங்க. 4ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல எகிப்துல பகோமியுன்னு ஒரு இளைஞர், அப்போ அவர் கிறிஸ்தவர் இல்லை, ரோம ராணுவத்துக்கு கட்டாயமா பிடிச்சிட்டு போன கூட்டத்துல ஒருத்தர். தீப்ஸ் நகரத்துல அடைச்சு வச்சிருந்தப்போ அந்த ஊர்க்காரங்க சிலர் சாப்பாடு கொண்டு வந்து கொடுத்திருக்காங்க, முன்னப்பின்ன தெரியாத பசங்களுக்கு, நாளைக்கு எங்க போவாங்கன்னே தெரியாத பசங்களுக்கு. இவங்க யாரு, எதுக்கு நமக்கு செய்யறாங்கன்னு அவரே விசாரிச்சார், கிறிஸ்தவங்கன்னு சொன்னாங்க. ராணுவத்துல இருந்து விடுபட்டதும் போய் ஞானஸ்நானம் எடுத்தார், பிற்பாடு துறவிகள் கூட்டமா சேர்ந்து வாழற மடங்களுக்கே அவர் தான் முன்னோடி ஆனார். சாப்பாடு கொண்டு வந்தவங்க பேர் ஒண்ணு கூட வரலாற்றுல இல்லை. தாங்க கொடுத்தது என்ன ஆச்சுன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்க வாய்ப்பு குறைவு.

கிறிஸ்தவத்தை விட்டு விலகி பழைய தெய்வங்களோட வழிபாட்டைத் திரும்பக் கொண்டு வரப் பார்த்த ரோமப் பேரரசர் ஜூலியன் கூட 362ல ஒரு பூசாரிக்கு எழுதின கடிதத்துல, இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவங்களை அவர் அப்படித் தான் சொல்லுவார்) தங்களோட ஏழைகளை மட்டும் இல்லாம நம்ம ஏழைகளையும் சேர்த்து காப்பாத்தறாங்க, நமக்கு இது வெட்கம்னு வருத்தப்பட்டிருக்கார். நம்ம ஏழைகள், அவங்க ஏழைகள்னு கணக்குப் பார்க்காம செஞ்சது தான் அவர் கண்ணுல பட்டிருக்கு.

யாருக்கு செய்யறது?

உலகத்துக்கே செய்யணும்னு கிளம்பினா யாருக்கும் செய்ய மாட்டோம். நல்ல சமாரியன் யாரையும் தேடிப் போகலை, தான் போயிட்டு இருந்த வழியில கிடந்தவரைப் பார்த்தான், அவ்வளவு தான். ஆசாரியனும் லேவியனும் கூட பார்த்தாங்க, பார்த்துட்டு பக்கமா விலகிப் போயிட்டாங்க. அதனால உங்க தினசரி வழியில ஏற்கனவே இருக்கற நாலஞ்சு பேரை யோசிங்க. பக்கத்து வீட்டுல தனியா இருக்கற பெரியவர், ஆபீஸ்ல புதுசா சேர்ந்து யார் கூடவும் ஒட்டாம இருக்கறவர், உங்க பிள்ளையோட கிளாஸ்மேட்டைத் தனியா வளர்க்கற அம்மா, வாசல்ல காவலுக்கு நிக்கறவர், பார்சல் கொண்டு வர்றவர், ஆபீஸ் கழிவறையைச் சுத்தம் பண்றவங்க. இவங்கள்ல எத்தனை பேரோட பேர் உங்களுக்குத் தெரியும்? தெரியலைன்னா அதுல இருந்து ஆரம்பிங்க. பேரைக் கேட்டு, ஞாபகம் வச்சு, அடுத்த தடவை பேர் சொல்லிக் கூப்பிடுங்க. நாள் முழுக்க "ஏய்", "இந்தாப்பா"ன்னு மட்டுமே கூப்பிடப்படற ஒருத்தருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்க முகத்துலயே பார்க்கலாம்.

வீட்டை விட்டுடாதீங்க. வெளியில எல்லாருக்கும் ஓடி ஓடி உதவற ஒருத்தர் வீட்டுல மனைவி கிட்ட எரிஞ்சு விழுந்தா, வீட்டு வேலைக்கு வர்றவங்களை கேவலமா பேசினா, பிள்ளைங்க அதைப் பார்த்துக்கிட்டுத் தான் இருக்காங்க. சபையை விட்டே விலகிப் போன எத்தனையோ பிள்ளைங்க, வீட்டுல ஒண்ணு வெளியில ஒண்ணுன்னு பார்த்து வளர்ந்ததைத் தான் காரணமா சொல்றாங்க. மன்னிப்பு கேட்கறதை வீட்டுல இருந்து ஆரம்பிங்க, அப்பா பிள்ளை கிட்ட "நான் கத்தினது தப்பு, மன்னிச்சிடு"ன்னு சொல்றதை விட பலமான ஒரு குடும்ப ஜெபம் இருக்குமான்னு எனக்குத் தோணலை.

கவனிக்கறது தான் பாதி வேலை

அன்பு செய்யறதுல கஷ்டமான பகுதி கொடுக்கறது இல்லை, கவனிக்கறது. நாம அவசரத்துலயே இருக்கோம், போனைப் பார்த்துக்கிட்டே நடக்கறோம், எதிர்ல வர்றவர் கண்ணு சிவந்திருக்கறது நமக்குத் தெரியறதே இல்லை.

பேசும்போது யாராவது, "அடுத்த வாரம் அம்மாவுக்கு ஆபரேஷன்"னு சொல்லிட்டுப் போவாங்க. நாமளும் "ஐயோ, ஜெபிச்சிக்கறேன்"னு சொல்லிட்டு மறந்துடுவோம். அங்கேயே, அவங்க போன உடனே, போன்ல அந்தத் தேதியைக் குறிச்சு வைங்க. அந்த நாள் காலையில, "இன்னைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்ல, உங்களை நினைச்சுக்கிட்டு இருக்கேன், ஜெபிச்சேன்"னு ரெண்டு வரி மெசேஜ் போடுங்க. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி கேளுங்க. பரீட்சை, இன்டர்வியூ, கோர்ட்டு தேதி, ஸ்கேன் ரிப்போர்ட் வர்ற நாள், இறந்து போனவங்களோட பிறந்தநாள், எல்லாத்துக்கும் இதே தான். காசு செலவே இல்லாத உதவி இது, ஆனா இதை செய்யற ஆளுங்க ரொம்ப குறைவு.

அடுத்தது கேட்கறது. மாற்கு 10ல பர்திமேயு குருடன், அவனுக்கு என்ன வேணும்னு எல்லாருக்கும் தெரியும், இருந்தாலும் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்"னு கேட்கறார். நாம கேட்காமலே முடிவு பண்ணிடறோம். சில பேருக்கு பண உதவி வேண்டாம், ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்க ஆள் வேணும். சில பேருக்கு ஆறுதல் வேண்டாம், இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்பித் தர ஆள் வேணும்.

ஆனா கேட்கறதுலயும் ஒரு முறை இருக்கு. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க"ன்னு சொன்னா யாரும் சொல்ல மாட்டாங்க, கஷ்டத்துல இருக்கவங்களுக்கு என்ன வேணும்னு யோசிக்கற தெம்பே இருக்காது, அப்படியே தெரிஞ்சாலும் கேட்க கூச்சமா இருக்கும். அதுக்கு பதிலா, "நாளைக்கு சாயங்காலம் சாப்பாடு கொண்டு வரட்டுமா, எத்தனை பேருக்கு, சாப்பிடக்கூடாதது ஏதாவது இருக்கா?", "வியாழக்கிழமை நான் ஃப்ரீ, ஆஸ்பத்திரிக்கு வண்டியில கூட்டிட்டுப் போகட்டுமா?", இப்படி நாளும் நேரமும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்க. அவங்க ஆமா இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். வேண்டாம்னா விட்டுடுங்க, ரெண்டாவது தடவை வற்புறுத்தாதீங்க.

யாக்கோபு இதை ரொம்ப நேரடியாவே சொல்லிட்டார், சாப்பாடும் துணியும் இல்லாதவங்க கிட்ட "குளிர்காய்ந்து பசியாறுங்கள்"னு வார்த்தையை மட்டும் கொடுத்து அனுப்பினா பிரயோஜனம் என்னன்னு கேட்கறார். "ஜெபிச்சிக்கறேன்"ங்கறதும் பல நேரம் அந்த மாதிரி வார்த்தையா ஆகிடுது. ஜெபியுங்க, கண்டிப்பா ஜெபியுங்க, ஆனா கையில செய்ய முடிஞ்சது ஒண்ணு இருந்தா அதையும் சேர்த்து செய்யுங்க.

ஆஸ்பத்திரியிலும் இழவு வீட்டிலும்

இந்த ரெண்டு இடத்துல தான் கிறிஸ்தவங்க அதிகம் போறோம், இந்த ரெண்டு இடத்துல தான் நல்ல மனசோட அதிக காயமும் கொடுத்துடறோம், அதனால இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி வரலாமான்னு கேட்டுட்டுப் போங்க. பத்து பதினஞ்சு நிமிஷம் போதும். நோயாளி கட்டில்ல உட்காராதீங்க, இதே வியாதி வந்த இன்னொருத்தர் கதையை சொல்லாதீங்க, யார் மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீங்க. கூட இருந்து பார்த்துக்கறவங்களை மறக்காதீங்க, அவங்க தான் பல நாள் தூங்காம இருப்பாங்க, "நீங்க போய் குளிச்சுட்டு வாங்க, ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன்"னு சொல்றது பழம் வாங்கிட்டுப் போறதை விட பெரிய உதவி. ஜெபம் பண்ண ஆசைன்னா முதல்ல அனுமதி கேளுங்க: "உங்களுக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா, வேண்டாம்னாலும் பரவாயில்லை." சரின்னா மெதுவான குரல்ல, ஒரு நிமிஷத்துக்குள்ள, அவங்களுக்குப் புரியற சாதாரண வார்த்தையில. பக்கத்து கட்டில்ல படுத்திருக்கவங்களும் நோயாளிங்க தான், அவங்களுக்குக் கேட்கணும்னு சத்தம் போடக்கூடாது. ஜெபத்துக்குள்ள பிரசங்கத்தை நுழைக்கக்கூடாது. வேண்டாம்னு சொன்னா முகம் மாறாம, அதே அன்போட பேசிட்டு வாங்க, வீட்டுக்கு வந்து தனியா ஜெபியுங்க.

இழவு வீட்டுல, "கர்த்தருக்கு அவங்க தேவைப்பட்டாங்க, எடுத்துக்கிட்டார்", "எல்லாம் நன்மைக்கே", "அழாதீங்க, விசுவாசம் வேணும்" இந்த மூணையும் தயவு செஞ்சு சொல்லாதீங்க. லாசரு கல்லறை கிட்ட இயேசுவே அழுதார், அவனை எழுப்பப் போறார்னு தெரிஞ்சும் அழுதார். யோபுவோட சிநேகிதங்க அவன் பக்கத்துல தரையில ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாம உட்கார்ந்திருந்தாங்க, அது வரைக்கும் அவங்க செஞ்சது நல்லா தான் இருந்தது, பேச ஆரம்பிச்ச பிறகு தான் யோபுவுக்கு வேதனை கூடிச்சு. "அழுகிறவர்களுடனே அழுங்கள்"னு தான் ரோமர் 12ல இருக்கு, அழறவங்களுக்கு விளக்கம் கொடுங்கன்னு இல்லை.

முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருப்பாங்க. ஒரு மாசம் கழிச்சு யாரும் இருக்க மாட்டாங்க. அப்போ போங்க. இறந்தவரோட பேரைச் சொல்லிப் பேசுங்க, அவரைப் பத்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கற ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லுங்க. பேரைச் சொன்னா அழுவாங்களேன்னு பயந்து எல்லாரும் அந்தப் பேரையே தவிர்ப்பாங்க, அது இன்னும் தனிமையா இருக்கும். வங்கி, சான்றிதழ், போன் இணைப்பு மாத்தறதுன்னு அலையற வேலைகள் நிறைய இருக்கும், அதுல ஒண்ணை எடுத்து செஞ்சு கொடுங்க.

கொள்ளைநோய் காலத்துல இதோட உச்சத்தைப் பார்க்கலாம். 3ஆம் நூற்றாண்டுல அலெக்சாந்திரியாவுல நோய் பரவினப்போ, நோய் வந்தவங்களை சொந்தக்காரங்களே தெருவுல தள்ளிட்டு ஓடினாங்க, விசுவாசிகள் கூட இருந்து பார்த்துக்கிட்டாங்க, அதுல பல பேர் அதே நோய் தொத்தி இறந்தாங்கன்னு அந்த நகரத்து பிஷப் தியோனிசியு தன்னோட கடிதத்துல எழுதி வச்சிருக்கார். நம்ம கிட்ட இப்போ யாரும் உயிரைக் கேட்கலை, ராத்திரி ரெண்டு மணி நேரத் தூக்கத்தைக் கேட்கறாங்க.

வேலை இடத்துல

இங்க உதவின்னு தனியா எதையும் தேட வேண்டியதில்லை, வேலையை ஒழுங்கா செய்யறதே பாதி சாட்சி. நேரத்துக்கு வர்றது, சொன்ன வேலையை முடிக்கறது, அடுத்தவர் செஞ்சதுக்கு நீங்க பேர் வாங்காம இருக்கறது, இல்லாதவரைப் பத்தி பேச்சு வந்தா அதுல சேராம இருக்கறது, தப்பு நடந்தா ஜூனியர் மேல தள்ளாம இருக்கறது. வேலை நேரத்துல வேதம் படிச்சுக்கிட்டு, தன் வேலையை பக்கத்து டேபிள்காரர் தலையில கட்டறவரை யாரும் பக்திமான்னு நினைக்க மாட்டாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. நீங்க மேனேஜரா, டீச்சரா, டாக்டரா, நர்ஸா, கடன் கொடுத்தவரா, வீட்டு ஓனரா இருந்தா, எதிர்ல இருக்கவர் உங்களை நம்பி இருக்கவர். அவரால உங்க கிட்ட சுலபமா வேண்டாம்னு சொல்ல முடியாது. அந்த நிலைமையில விசுவாசத்தைப் பத்தி நீங்களா ஆரம்பிக்காதீங்க. அவங்களா கேட்டா கூட சுருக்கமா சொல்லுங்க, இதுக்கும் உங்க மார்க்குக்கும் சம்பளத்துக்கும் எந்த சம்பந்தமும் இல்லைன்னு அவங்களுக்கு சந்தேகமே இல்லாம தெரியணும். பிள்ளைங்கன்னா பெத்தவங்களுக்குத் தெரியாம எதுவும் பேசக்கூடாது, தனியா கூட்டிட்டுப் போகவும் கூடாது. இதை விட்டுக்கொடுக்கவே கூடாதுன்னு நான் நம்பறேன்.

வாயைத் திறக்கறது எப்போ, எப்படி

என் வாழ்க்கையே சாட்சி, நான் பேச வேண்டியதில்லைன்னு சிலர் சொல்றாங்க. அதுல பாதி தான் சரி. அன்பு செஞ்சுட்டு, எங்கிருந்து வந்ததுன்னு ஒருத்தர் உண்மையாவே ஆசையா கேட்கும்போது, "சும்மா தான்"னு சொல்லி நழுவினா அதுவும் நேர்மை இல்லை. 1 பேதுரு 3:15 இதை ரொம்ப அழகா அளந்து சொல்லுது, நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." கேட்கறவங்களுக்கு, சாந்தத்தோட, மரியாதையோட, ஆனா எப்பவும் தயாரா. எல்லாமே அதுல இருக்கு.

தயாரா இருக்கறதுன்னா என்ன? மூணே வாக்கியத்துல, உங்க சொந்த வார்த்தையில, ஏன் இயேசுவை நம்பறேன்னு எழுதிப் பாருங்க. எழுதினதுல இரட்சிப்பு, அபிஷேகம், ஆத்தும ஆதாயம், பரிசுத்தவான்கள் மாதிரி சபைக்குள்ள மட்டும் புழங்கற வார்த்தை இருந்தா எடுத்துட்டு, வெளியில இருக்கவருக்குப் புரியற மாதிரி மாத்துங்க. உதாரணத்துக்கு, "எனக்கு வேலை போய் ரொம்ப உடைஞ்சு இருந்தேன், அப்போ இயேசு என்னைக் கைவிடலைன்னு நான் முழுசா நம்பறேன். அந்த அன்பு எனக்கு சும்மா கிடைச்சது, அதனால தான் யாராவது கஷ்டப்பட்டா என்னால பார்த்துட்டு போக முடியலை." இவ்வளவு தான். சொல்லிட்டு நிறுத்துங்க. நிறுத்தறது தான் கஷ்டம், ஒரு கதவு திறந்தா ஆதியாகமத்துல இருந்து வெளிப்படுத்தல் வரைக்கும் உள்ள தள்ளிடணும்னு நமக்குத் தோணும். வேண்டாம். இன்னும் கேட்கணும்னா அவங்களே கேட்பாங்க, நாளைக்கோ அடுத்த வருஷமோ.

2 இராஜாக்கள் 5ல நாகமான் வீட்டுல ஒரு சின்னப் பொண்ணு வேலை செஞ்சா, சிறைபிடிச்சு கொண்டு வரப்பட்டவ. தன்னை அடிமையாக்கின தேசத்து படைத்தலைவனுக்கு குஷ்டம்னு தெரிஞ்சதும், சமாரியாவுல இருக்கற தீர்க்கதரிசி கிட்ட போனா நல்லா இருக்கும், அவர் குணமாக்கிடுவார்னு எஜமானி கிட்ட சொன்னா. அவ பேசினதா இருக்கறது அந்த ஒரு வாக்கியம் தான். பழிவாங்க நினைக்காம, அவங்க நல்லா இருக்கணும்னு நினைச்சு சொன்னதால தான் அந்த வீட்டுல அவ பேச்சை எடுத்துக்கிட்டாங்கன்னு நான் நினைக்கறேன்.

பேசும்போது அவங்களோட மதத்தை, குடும்பத்தை, அவங்க கும்பிடறதை மட்டமா பேசாதீங்க. உங்க இயேசுவைப் பத்தி சொல்றதுக்கு இன்னொருத்தரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. அவங்க நம்பிக்கையைப் பத்தி நீங்களும் கேளுங்க, கேட்டா உண்மையா காது கொடுங்க, பதில் சொல்ல இடைவெளி தேடிக்கிட்டு கேட்காதீங்க. கஷ்டமான கேள்வி வந்தா, நல்லவங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம், என் பிள்ளை ஏன் செத்துப் போச்சு, இந்த மாதிரி, "எனக்குத் தெரியலை, எனக்கும் அது வலிக்குது"ன்னு சொல்ல பயப்படாதீங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ற பதிலை விட அது அவங்களுக்கு அதிக மரியாதை.

ஸ்டேட்டஸ்ல போடாதீங்க

உதவி வாங்கற ஒருத்தரோட முகத்தை போட்டோ எடுத்து, வசனம் போட்டு, குரூப்ல அனுப்பறது இப்போ ரொம்ப சாதாரணமாயிடுச்சு. அந்த மனுஷருக்கும் பிள்ளைங்க இருக்காங்க, அந்தப் பிள்ளைங்களோட நண்பர்களும் அதைப் பார்ப்பாங்க. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது"ன்னு மத்தேயு 6ல இயேசு சொன்னார். அப்போ அதே மலைப்பிரசங்கத்துல 5:16ல உங்கள் நற்கிரியைகளை மனுஷர் காணட்டும்னு சொல்றாரேன்னு கேட்கலாம். அங்க கடைசியில மகிமை யாருக்குப் போகுதுன்னு பாருங்க, "பரலோகத்திலிருக்கிற உங்கள் பிதாவை" மகிமைப்படுத்தணும்னு இருக்கு. உதவி வாங்கினவங்க கண்ணுக்கு நம்ம செயல் தெரியறது வேற, நாமளே அதைத் தூக்கிக் காட்டறது வேற. ஜெபக்குறிப்புலயும் இதே தான், அடுத்தவங்க குடும்பப் பிரச்சினையை ஜெபத்துக்காகன்னு சொல்லி பத்து பேர் கிட்ட பரப்பறது உதவி இல்லை. அவங்க கிட்ட கேட்டுட்டு, பேர் சொல்லாம ஜெபிக்கச் சொல்லுங்க.

வாங்கிக்கவும் பழகுங்க

கொடுத்துக்கிட்டே இருக்கறவங்க, தெரியாமலே ஒரு படி மேல நின்னுடறாங்க. இயேசு சமாரியப் பெண் கிட்ட பேச ஆரம்பிச்சப்போ முதல்ல தண்ணி கேட்டார், தனக்கு தாகம்னு சொன்னார். பவுல் கப்பல் உடைஞ்சு மெலித்தா தீவுல ஒதுங்கினப்போ, மழையிலயும் குளிர்லயும் நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக்கிட்டவங்க கிறிஸ்துவைப் பத்தி கேள்விப்படாத அந்தத் தீவு மக்கள். "எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல"ன்னு லூக்கா நன்றியோட எழுதி வச்சிருக்கார். அன்பு நம்ம மட்டும் குத்தகைக்கு எடுத்தது இல்லை. வேற நம்பிக்கை இருக்கற பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்கு உதவ வந்தா மனசார வாங்கிக்கோங்க, அவங்க கிட்ட ஏணியோ சுத்தியலோ கேளுங்க, உங்களுக்குத் தெரியாத விஷயத்துல யோசனை கேளுங்க. அப்போ தான் அது நட்பு.

எங்க நிறுத்தணும்

நல்ல சமாரியன் கதையில நான் அடிக்கடி யோசிக்கற இடம் சத்திரம் தான். அவன் அடிபட்டவனைத் தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போய் வாழ்நாள் முழுக்க வச்சுக்கலை. காயம் கட்டினான், சத்திரத்துல சேர்த்தான், அன்னைக்கு ராத்திரி கூட இருந்தான், மறுநாள் இரண்டு பணம் கொடுத்து சத்திரக்காரனை பார்த்துக்கச் சொல்லிட்டு, மேல செலவானா திரும்பி வரும்போது தர்றேன்னு சொல்லிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அடுத்தவர் கிட்ட ஒப்படைக்கறதும் அன்பு தான். குடிப்பழக்கம், மனநலப் பிரச்சினை, வீட்டுக்குள்ள அடிதடி, உயிரை விட்டுடலாம்னு தோணறதா ஒருத்தர் சொல்றது, இதெல்லாம் நீங்க தனியா சுமக்கற விஷயம் இல்லை, டாக்டர், ஆலோசகர், தேவைப்பட்டா போலீஸ், இவங்க கிட்ட கூடவே போய் சேர்க்கணும். யார் கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அந்த நேரத்துல சத்தியம் பண்ணிக் கொடுக்காதீங்க, உயிர் தான் முக்கியம்.

பணம் கேட்டா கடனா கொடுக்காதீங்க, முடிஞ்ச அளவை திரும்ப வராதுன்னு நினைச்சு கொடுங்க, முடியலைன்னா முடியலைன்னு சொல்லுங்க, கடன் நிறைய நல்ல உறவைக் கெடுத்திருக்கு. தனியா இருக்கற ஆணோ பெண்ணோ, அவங்க வீட்டுக்கு உதவிக்குப் போறப்போ கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. உங்க உடம்பு முடியாம, வீட்டுல கோபம் ஏறிக்கிட்டே போகுதுன்னா ஓய்வு எடுங்க, சீஷர்கள் ஊழியம் முடிச்சு வந்தப்போ, சாப்பிடக் கூட நேரமில்லாம இருந்தப்போ, தனிச்சு "சற்றே இளைப்பாறும்படி" அவங்களைக் கூப்பிட்டது இயேசு தான்.

யாராவது சபைக்கு வரேன்னு சொன்னா

பல வருஷம் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கலாம், உங்க நட்பு நட்பாவே தொடரட்டும். ஆனா ஒருநாள் ஒருத்தர், "உங்க சபைக்கு ஒரு தடவை வரலாமா"ன்னு கேட்டா, அட்ரஸை அனுப்பிட்டு வந்துடுங்கன்னு சொல்லிடாதீங்க. வீட்டுக்கே போய் கூட்டிட்டு வாங்க, இல்லைன்னா வாசல்ல நில்லுங்க. எவ்வளவு நேரம் நடக்கும், எப்போ எழுந்து நிப்போம், காணிக்கைப் பை வரும்போது அவங்க எதுவும் போட வேண்டியதில்லை, திருவிருந்து நேரத்துல அவங்க சும்மா உட்கார்ந்திருக்கலாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. முன் வரிசையில உட்கார வைக்காதீங்க, பின்னாடி அவங்களுக்கு வசதியான இடத்துல பக்கத்துலயே உட்காருங்க. எழுப்பி நிறுத்தி அறிமுகப்படுத்த வேண்டாம்னு பாஸ்டர் கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. முடிஞ்சதும் பத்து பேர் சூழ்ந்துக்கிட்டு போன் நம்பர் கேட்காம பார்த்துக்கோங்க. திரும்பிப் போற வழியில எப்படி இருந்ததுன்னு ஒரு தடவை கேளுங்க, அவங்க சொல்றதைக் கேளுங்க, அடுத்த வாரம் வருவீங்களான்னு அன்னைக்கே கேட்காதீங்க. அந்த வாரமும் அவங்க அம்மா உடம்பு எப்படி இருக்குன்னு வழக்கம் போல மெசேஜ் போடுங்க, வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தா சொன்ன நேரத்துக்கு வண்டியோட போய் நில்லுங்க.